வெட்டாமல் விட்ட ஆறு டயர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வந்தால் என்ன? கோபப்பட வேண்டிய இடத்தில் ஆள் இல்லாமல்தான் பாதிக் காரியம் கெட்டுப்போகிறது. அண்ணனுக்குக் கோபமே வராது. யார் வந்து கத்தினாலும் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவான். தங்கமான மனுஷன் என்று பெயர். சும்மா காற்றடிக்க வருகிறவர்கள்கூட என்னைப் பார்த்ததும் "அண்ணன் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். அந்தத் தங்கம் செய்த வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து டயர் கடை நடத்துகிறோம். வாசல் பக்கம் அவனுடையது. விற்பனை, பேச்சு, டெலிபோன் எல்லாம் அவன். உள்பக்கம் என்னுடையது. கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் நான். புது டயர் வாங்குகிறவர்கள் பழையதை எங்களிடமே விட்டுவிட்டுப் போவார்கள். அதை என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. பக்கச் சுவரில் மூன்று இடத்தில் வெட்ட வேண்டும், இனி எந்த வண்டியிலும் அது ஏறக் கூடாது. பிறகு டயரைப் பொடியாக்கும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு படிவம். 'எல்லாம் வெட்டப்பட்டது, நான் பார்த்தேன்' என்று அதில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கடையில் அந்த ஒருவர் நான்.

வெட்டுவதற்கு முன்னால் நான் இன்னொன்றும் செய்வேன். டயர் ஏன் செத்தது என்பது பெரும்பாலும் உள்ளே டார்ச் அடித்தால்தான் தெரியும். தெரிந்ததும் மஞ்சள் மெழுகுக் கட்டியால் உள்பக்கத்திலேயே எழுதிவிடுவேன். 'கம்பி அறுந்தது.' 'பக்கம் வீங்கியது.' கூடவே தேதி. நன்றாக இருந்த டயரை ஏமாற்றி மாற்றச் சொல்லிவிட்டாய் என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. வருவார்கள். நானும் காட்டுவேன்.

அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு லாண்டரிக்காரர் தன் வேனைக் கொண்டுவந்தார். பின் சக்கரத்தில் காற்று நிற்கவில்லையாம். போன வாரம்தான் அந்த டயரைச் செகண்ட்ஹேண்டில் வாங்கி மாட்டியிருந்தார். எங்களிடம் வாங்கவில்லையே என்ற கூச்சத்தில் என் முகத்தைப் பார்க்காமல் வேனைப் பார்த்தே பேசினார். டயர் கறுப்பு பாலிஷில் பளபளத்தது. தரையைப் பிடிக்கிற பட்டன் கட்டைகள் எல்லாம் ஆழமாக, புதுசு மாதிரி இருந்தது. மெஷினில் ஏற்றி ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே டார்ச் அடித்தேன்.

'பக்கம் வீங்கியது. 14.'

என் கையெழுத்து. புள்ளிகளை எழுத்துக்கு மேல் வைக்காமல் ஓரத்தில் தள்ளி வைக்கிற என் கோணல் கையெழுத்து. போன மாதம் பதினான்காம் தேதி நானே செத்துவிட்டது என்று எழுதித் தூக்கிப் போட்ட டயர், பாலிஷ் பூசிக்கொண்டு என்னிடமே பஞ்சர் ஒட்ட வந்திருக்கிறது.

வெளிப்பக்கம் திருப்பி நகத்தால் கீறிப் பார்த்தேன். பட்டன் என்று நான் நினைத்தது பட்டனே இல்லை. மொட்டை டயரில் சூடு போட்ட கத்தியால் புதிதாகக் கோடு கீறியிருக்கிறார்கள். கோட்டின் அடியில் கம்பி பல்லிளித்தது. மேலே ஒரு நகக் கனம்கூட ரப்பர் இல்லாத இடத்தில் இன்னும் தோண்டினால் என்ன மிஞ்சும்? வேகமாகப் போகும்போது ஒரு நாள் வெடிக்கும், அவ்வளவுதான்.

பக்கச் சுவரில் ஒரு வெட்டுக்கூட இல்லை.

லாண்டரிக்காரருக்கு ஒரு புது டயரைப் போட்டு, பழையதை எங்கே வாங்கினார் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டு வாசலுக்குப் போனேன். அண்ணன் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கி வைத்தேன்.

"போன மாச லோடு. வெட்டினியா இல்லையா?"

"எந்த லோடு?"

"அண்ணா, என்கிட்ட பூசி மெழுகாத."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கு. அந்த நாற்காலியை உதைத்துத் தள்ளினேன்.

விஷயம் இதுதான். வெட்டுகிற மெஷினின் பிளேடு உடைந்துபோயிருந்தது. ஆலை லாரி மூன்று வாரமாக வரவில்லை. கொல்லைப்புறத்தில் டயர் மலை மாதிரி ஏறி, மழைத் தண்ணீர் நின்று, கொசு மண்டி, சுகாதார அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து 'சர்க்கரை' வந்திருக்கிறான். பழைய இரும்பு, பழைய டயர் ஏற்றுகிற லாரிக்காரன். வாயைத் திறந்தால் இனிப்பு என்பதால் அந்தப் பெயர். வெட்டாமல் கொடுத்தால் அடுக்குவதற்குச் சௌகரியம், இன்றைக்கே இடத்தைக் காலி பண்ணித் தருகிறேன் என்றிருக்கிறான். முப்பத்திரண்டு டயர். ஒன்றுகூட வெட்டாமல் ஏற்றி அனுப்பிவிட்டான் என் அண்ணன். நான் அந்த இரண்டு நாளும் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது கொல்லை காலியாக இருந்தது, வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டான் என்றே நினைத்தேன்.

"ஆலைக்குத்தான் போகுதுன்னு நினைச்சேன்" என்றான்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

நான் உதைத்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். "கேட்டா ஏதாவது சொல்லிடுவானேன்னுதான் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்தால்கூட ஒருத்தனை மன்னிக்கலாம். தெரிந்துவிடக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு செய்கிறவனை என்ன செய்வது? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணன் மெதுவாகத்தான் சொன்னான்.

"எல்லாம் சரி. படிவத்துல இருக்குற கையெழுத்து யாருது?"

என்னுடையது. எங்கள் தொழிலில் கை எப்போதும் கிரீஸும் கரியுமாக இருக்கும். காகிதத்தைத் தொட்டால் படிவம் பாழாகிவிடும், அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். அதனால் ஒரு விடுமுறை நாளில், கை சுத்தமாக இருக்கும்போது, படிவப் புத்தகத்தின் ஐம்பது பக்கத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். 'எல்லாம் வெட்டப்பட்டது, நான் பார்த்தேன்.' ஐம்பது முறை. வெட்டாத டயரை, வராத லாரியை, ஐந்தாறு மாதத்துக்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன்.

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன். அவன் தலையாட்டினான். அவனுக்குத்தான் கோபமே வராதே.

லாண்டரிக்காரர் டயர் வாங்கியது நகரத்தின் அந்தப் பக்கம், மேம்பாலத்துக்குக் கீழே உள்ள செகண்ட்ஹேண்ட் கடையில். கடையின் சிறிய லாரியில் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு, கை ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே வேன் ரகத்துக்கான புது டயர் இரண்டை ரிம்மோடு பின்னால் போட்டுக்கொண்டேன். வேண்டியிருக்கும் என்று மனசு சொன்னது.

செகண்ட்ஹேண்ட் கடைக்காரர் முதலில் எங்கள் காதில் பூ சுற்றப் பார்த்தார். எல்லாம் வெளிநாட்டுச் சரக்காம். வரிசையாக அடுக்கியிருந்ததில் வேன் டயராகப் பார்த்து ஒன்றை உருவி, உள்ளே கைபேசி வெளிச்சத்தைக் காட்டி, அவர் தலையைப் பிடித்துக் கிட்டே கொண்டுபோனேன்.

"படிங்க. என்ன எழுதியிருக்கு?"

"கம்பி... அறுந்தது."

"வெளிநாட்டுல தமிழ்லயா எழுதுறாங்க?"

மனிதர் இறங்கிவந்தார். சர்க்கரையின் லாரியிலிருந்து ஆறு வேன் டயரை மட்டும் பொறுக்கி எடுத்தாராம். மீதி இருபத்தாறையும் செங்கல் சூளையில் எரிக்கக் கொடுத்துவிட்டானாம். போன மாதம் மூன்று நாள் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியது எங்கள் கடைச் சரக்கை முகர்ந்துதான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆறில் ஒன்று லாண்டரிக்காரரிடம். மூன்று இங்கே. அந்த மூன்றையும் அவர் கண் முன்னாலேயே ரம்பத்தால் அறுத்தேன். அண்ணன் பிடித்துக்கொண்டான். ஒவ்வொன்றிலும் மூன்று வெட்டு. கை மரத்துப்போனது, கோபம் மரத்துப்போகவில்லை.

"மீதி ரெண்டு?"

"அது வித்தாச்சும்மா. நேத்துதான். ஒரு அம்மா ஜோடியா வாங்கிட்டுப் போனாங்க. முன் சக்கரத்துக்கு."

"எந்த அம்மா?"

அவர் எச்சிலை விழுங்கினார். "ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க. மஞ்சள் வேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பின் கேட்ல நிக்கும்."

மணி இரண்டே முக்கால். பள்ளி விடுவது மூன்று மணிக்கு. அந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மேம்பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். மேம்பாலத்தில் முன் சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் யார் பேச்சையும் கேட்காது. அண்ணன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நான் சொல்லும் முன்பே லாரியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். எட்டுப் பேர். ஜன்னலுக்கு ஜன்னல் தலையும் தண்ணீர் பாட்டிலுமாக இருந்தது. வேன்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டையான உடம்பு, சட்டைப் பையில் விசில். அண்ணன் லாரியை வேனுக்குக் குறுக்கே நிறுத்தினான்.

"வண்டிய எடுக்காதீங்க. உங்க முன் டயர் ரெண்டும் சரியில்ல, மாத்தணும்" என்றேன்.

"யாரும்மா நீ? நேத்துதான் மாட்டினேன். வழிய விடு."

"அது செத்த டயருங்க."

"டயர் விக்கிறவ பேச்செல்லாம் எனக்குத் தெரியும். புதுசு விக்கணும்னா உனக்கு ஊர்ல இருக்குற டயரெல்லாம் செத்த டயர்தான். நகரு, பிள்ளைங்களுக்கு நேரமாகுது!"

அண்ணன் "அம்மா, கொஞ்சம் கேளுங்க" என்று தன் தங்கக் குரலில் ஆரம்பித்தான். அதையெல்லாம் கேட்கிற ஆளா அவர்? ஓட்டுநர் சீட்டில் ஏறிவிட்டார். லாரியைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தது. விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை, பொறுமை எப்போதுமே இல்லை. குனிந்து, வால்வு சாவியை முன் சக்கரத்தில் போட்டுத் திருகி, உள் ஊசியைப் பிடுங்கினேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வேன் ஒரு பக்கமாக அமிழ்ந்தது. நான் எழுந்து நிற்பதற்குள் என் தோளைப் பிடித்துத் திருப்பி வேன்காரம்மா ஓர் அறை விட்டார்.

காது ரீங்கரித்தது.

நான் ரம்பத்தை எடுத்தேன். அவர் ஓரடி பின்வாங்கினார்; பாவம், என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். காற்று இறங்கிய டயரின் பக்கச் சுவரை அறுத்து, வாயைப் பிளந்து, கைபேசி வெளிச்சத்தைக் காட்டினேன். 'கம்பி அறுந்தது. 9.' பிறகு வெளியே கோட்டின் அடியில் தெரிந்த கம்பியில் அவர் விரலையே பிடித்து வைத்தேன். குத்தியிருக்கும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இது எங்க கடையில தூக்கிப் போட்ட டயருங்க" என்றேன். "வெட்டி அழிச்சிருக்கணும். அழிக்கல."

அவர் வேனுக்குள் பார்த்தார். முன் சீட்டில் இரண்டு பல் விழுந்த ஒரு பெண் குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தம்மாவின் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்து வேறு ஒன்று வந்தது. வேனின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலையில எண்பதுல போனேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "பாலத்து மேல எண்பதுல போனேன்."

இரண்டு சக்கரத்தையும் மாற்ற அரை மணி நேரம் ஆனது. அண்ணன் ஜாக்கி போட்டான், நான் நட்டு முறுக்கினேன். முடிந்ததும் வேன்காரம்மா கேட்டார்.

"அரை மணி லேட்டு. எட்டு வீட்லயும் வாசல்ல நிப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்" என்றான். சொல்லும்போது சிரித்தான். பழக்க தோஷம்.

அவ்வளவுதான்.

"என் வண்டிக்கு என்னடா ரிப்பேர்? பதினேழு வருஷமா ஓட்டுறேன், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. நீ செஞ்ச வேலைக்கு நான் பொய் சொல்லணுமா? ஏறு வண்டியில. ரெண்டு பேரும் ஏறுங்க. ஒவ்வொரு வீட்லயும் நீயே இறங்கி, நீயே சொல்லு. உண்மையச் சொல்ற வரைக்கும் வண்டி நகராது."

ஏறினோம். பின் சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க, புத்தகப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. நல்லா வேணும் இவனுக்கு என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் ஒரு அப்பா நின்றார். அண்ணன் இறங்கி, "வண்டியில ஒரு சின்னக் கோளாறு..." என்றான். வேன்காரம்மா ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். எங்கள் கடையில் தூக்கிப் போட்ட டயர், வெட்டாமல் கொடுத்துவிட்டோம், அது இந்த வேனுக்கு வந்துவிட்டது, இப்போது மாற்றிவிட்டோம். ஹாரன் நின்றது. அந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லைங்க, தேடி வந்து மாத்திக் குடுத்தீங்களே, ரொம்ப நன்றி" என்றார்.

நன்றியாம்!

இரண்டாவது வீட்டிலும் நன்றி. மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் காலத்தில் யார் இப்படி வந்து சொல்கிறார்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஜன்னலை உடைத்திருப்பேன். உங்கள் பேரனைக் கொல்லப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான் ஐயா, திட்டுங்கள், செருப்பைக் கழற்றுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாலாவது வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்குள் பிள்ளைகளுக்கு அண்ணனின் வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. "அங்கிள், அடுத்தது எங்க வீடு, ஒழுங்கா சொல்லணும்" என்று ஒருத்தன் எச்சரித்தான். ஐந்தாவது வீட்டில் இரண்டு பல் விழுந்தவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "வெட்டலன்னு சொல்லல! அத மறந்துட்டாரு!" அண்ணன் திரும்பப் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்து ஒரு புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. ஆறாவது வீட்டில் 'கொடுத்துவிட்டோம்' என்பதை விட்டுவிட்டு 'நான் கொடுத்துட்டேன்' என்றான். ஏழாவது வீட்டில் 'எங்க போகுதுன்னு நான் கேக்கல' என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எட்டாவது வீடு, இரண்டு பல் விழுந்தவளுடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு. அவள் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், தொழிற்சாலைச் சீருடையிலேயே நின்றாள். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நன்றி சொல்லவில்லை. குழந்தையை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தி, அதன் நெஞ்சுக்குக் குறுக்கே கையைப் போட்டுக்கொண்டாள்.

"நான் வேலை செய்ற இடத்துல ஒரு டப்பா வெளிய போகணும்னாக்கூட ஒருத்தர் பாத்து கையெழுத்து போடணும்" என்றாள். "உங்க கடையில அப்படி யாரும் இல்லையா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு கணம்கூடத் திரும்பவில்லை.

"இல்லைங்க. எல்லாம் என் தப்புதான்."

கடையில் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டவன்தான். இங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நியாயம்தான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவனுடைய அந்தப் பொய்யோடு எல்லாம் முடிந்துவிடும். வேன்காரம்மா வண்டியை எடுத்துவிடுவார். மதியத்திலிருந்து அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் வாய்க்குள் கசந்தது. ஏழு வீட்டிலும் அவன் மட்டும் இறங்கினான், நான் வேடிக்கை பார்த்தேன். திருப்தியாக வேறு இருந்ததாம் எனக்கு. என் மேல் எனக்கு வந்த கோபம் மாதிரி யார் மேலும் வந்ததில்லை.

புத்தகப் பைகளைத் தாண்டிக்கொண்டு இறங்கினேன்.

"இருக்காங்க" என்றேன். "நான்தான். நான் பாக்கல. வெட்டினாங்களா இல்லையான்னு பாக்காமலே, பாத்தேன்னு முன்னாடியே கையெழுத்து போட்டு வெச்சிருந்தேன். ஐம்பது பக்கம்."

"பாக்காமலேயா?"

"பாக்காமலே."

"ஏன்?"

அப்போது என்ன சொல்வது? கை அழுக்காக இருக்கும் என்றா? அதைத்தான் சொன்னேன். "கை அழுக்கா இருக்கும்ங்க. படிவம் பாழாயிடும்னு."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கோபக்காரி, ஆயிரம் பேர் முறைப்பைத் திருப்பி முறைத்தவள். அவள் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. குழந்தை எனக்கு டாட்டா காட்டக் கையைத் தூக்கியது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அவள் குழந்தையை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.